வெடித்த வீடும் கிடைக்காத வீடும்

சென்ற மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் நானும் நம் சங்கத்து உறுப்பினரான நண்பர் ஒருவரும் லேக் மார்க்கெட் பக்கம் வீடு தேடி அலைந்தோம். இருவருக்கும் சேர்த்து ஓர் அறை, ஒரு சமையல் மூலை. அவ்வளவே எங்கள் தேவை. முதல் வீட்டில் அறை பிடித்திருந்தது, வாடகையும் ஒத்துவந்தது. வீட்டுக்கார அம்மையார் தேநீர்கூடக் கொடுத்தார். பெயர்களைக் கேட்டார். சொன்னோம். உள்ளே போய் வந்தவர், "ஏக்டு அசுவிதே ஆச்சே" என்றார். அவர் தங்கையின் மகன் அடுத்த வாரம் அசன்சோலிலிருந்து வருகிறானாம், அறை அவனுக்கு வேண்டுமாம். தேநீர் ஆறுவதற்குள் பிறந்த தங்கை மகன் அவன்!

இரண்டாம் வீட்டுக்காரர் நம்மவர். நாற்பது ஆண்டுகளாக இந்நகரில் வாழும் தமிழர். தமிழ்ப் பிள்ளைகள் என்றதும் முகம் மலர்ந்தார். "எந்த ஊர் தம்பி?" என்று என்னைக் கேட்டார். நான் தஞ்சை என்றேன். நண்பரைக் கேட்டார். அவர் காயல்பட்டினம் என்றார். பெரியவரின் மலர்ந்த முகம் மெல்லக் கூம்பியது. என்னை மட்டும் தனியே அழைத்துச் சென்று, "தப்பா நினைக்காதீங்க தம்பி. பர்த்வானிலே வாடகை வீட்டிலேதான் குண்டு செய்தான்கள். நம்ம கோயமுத்தூரிலே என்ன நடந்தது? நான் வயசானவன், போலீஸ் ஸ்டேஷன் ஏற முடியாது. நீங்க மட்டும் வர்றதானா இன்னிக்கே சாவி தர்றேன்" என்றார்.

ஒரு கணம் என் மனம் அந்தச் சாவியின்மேல் சென்றது. இதை மறைத்துவிட்டு எழுதுவது முறையன்று என்பதால் எழுதுகிறேன். திரும்பி வந்தபோது என் நண்பர் படிக்கட்டில் நின்று செருப்பின் வாரைச் சரி செய்துகொண்டிருந்தார். ஒன்றும் கேட்கவில்லை. டிராம் தண்டவாளத்தைத் தாண்டும்போது, "அவரைக் குறை சொல்லாதே, அவருக்குப் பயம்" என்றார்.

அந்த வார அட்டாவில் இச்செய்தியைச் சொன்னேன். நண்பர் ஒருவர், குண்டு, சதி என்பனவெல்லாம் அரசியல்வாதிகள் கட்டிவிடும் கதை, அதைப் பேசுவதே தவறு என்றார். இன்னொருவர், பெரியவர் கேட்டதில் என்ன பிழை, குண்டு வைப்பவன் பெயர் எப்படி இருக்கிறது என்று பாரும் என்றார். இருவரும் உரத்துப் பேசினார்கள். பர்த்வானில் என்னதான் நடந்தது என்று கேட்டபோது இருவருக்கும் சரியாகத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. அதன் பிறகு நூலகத்தில் அமர்ந்து சில நாட்கள் படித்தேன். படித்ததை வைத்தே எழுதுகின்றேன்.

2014ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள். அன்று மகா அஷ்டமி. கல்கத்தாவில் பந்தலுக்குப் பந்தல் மக்கள் வெள்ளம். அந்த நண்பகலில் பர்த்வான் நகரத்துக் கக்ராகட் பகுதியில் ஒரு மாடி வீட்டில் வெடி முழங்கியது. வாடகைக்கு இருந்தவர்கள் கைக்குண்டு செய்துகொண்டிருக்கையில் அது அவர்கள் கையிலேயே வெடித்துவிட்டது. இருவர் மாண்டனர், ஒருவர் படுகாயமுற்றார். வீட்டில் இரு பெண்கள் இருந்தனர், கைக்குழந்தைகளும் இருந்தன. போலீசார் உள்ளே நுழைய அப்பெண்கள் எளிதில் விடவில்லை. வெடிக்காமல் கிடந்த குண்டுகள் ஐம்பதுக்கு மேல். அவற்றைப் போலீசார் தாமோதர் நதிக்கரையில் கொண்டுபோய் வெடிக்கச் செய்து அழித்துவிட்டனர். தடயத்தையே அழித்துவிட்டார்களே என்று பின்னர் பெரிய சர்ச்சை எழுந்தது. சில நாட்களில் வழக்கு தேசியப் புலனாய்வு முகமையின் கைக்குச் சென்றது.

துப்புத் துலக்கியபோதுதான் அது ஒரு வீட்டுச் சங்கதி அன்று என்று தெரிந்தது. இறந்தவர்களுள் ஒருவர் வங்காள தேசத்திலிருந்து வந்து, இந்தியப் பெண்ணை மணந்து, முர்ஷிதாபாத் மாவட்டத்துப் பெல்டாங்காவில் புர்க்கா விற்கும் கடை நடத்தியவர். மங்கள்கோட் அருகே சிமுலியா என்ற சிற்றூரில் ஒரு மதரசா பயிற்சிக் களமாகப் பயன்பட்டிருந்தது. பின்னால் நின்றது ஜமாத்துல் முஜாகிதீன் பங்களாதேஷ் என்ற அமைப்பு. 2005ஆம் ஆண்டு ஆகஸ்டு 17ஆம் நாள் வங்காள தேசத்தின் 64 மாவட்டங்களுள் 63இல், ஏறத்தாழ அரை மணி நேரத்தில், ஐந்நூறுக்கு நெருங்கிய குண்டுகளை வெடித்தவர்கள் இவர்களே. அதன் தலைவர்கள் 2007 மார்ச்சில் தூக்கிலிடப்பட்டனர். அமைப்பு மடியவில்லை. 2014 பிப்ரவரியில் மைமன்சிங் அருகே சிறை வண்டியை மறித்துத் தங்கள் கைதிகள் மூவரை மீட்டுச் சென்றனர். அவர்களுள் குண்டு செய்வதில் கைதேர்ந்த ஒருவர், 'போமா மிசான்' என்றே பெயர் பெற்றவர், எல்லை தாண்டி இப்பக்கம் வந்துவிட்டார்.

கக்ராகட் குண்டுகள் கல்கத்தாவுக்கு என்று நம்மில் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறோம். முகமை நீதிமன்றத்தில் சொன்னது வேறு. வங்காள தேசத்தில் மக்கள் தேர்ந்தெடுத்த ஆட்சியைக் கவிழ்ப்பதே நோக்கம் என்றது அது. அதாவது அக்குண்டுகள் முதலில் கொல்லவிருந்தது வங்காள முஸ்லிம்களை. என் மனத்தில் மிகத் தைத்த செய்தி இது. நம் பெரியவருக்கு இது தெரிந்திருக்க நியாயமில்லை.

இறந்த மற்றொருவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். முதலில் செய்தித்தாள்களில் வெளிவந்த பெயரே அவருடைய சொந்தப் பெயரன்று. அவர் யார் என்று தெளியச் சில காலம் பிடித்தது. பெயரைக் கேட்டு வீடு கொடுப்போர் இதைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். கேட்டதும் தன் பெயரையும் ஊரையும் உள்ளபடி சொன்ன என் நண்பருக்கு வீடு இல்லை. பெயரை மாற்றிச் சொல்லத் தெரிந்தவனுக்கு வீடு உண்டு! இதுதான் பாதுகாப்பா?

2019 ஆகஸ்டு 30ஆம் நாள் கல்கத்தா சிறப்பு நீதிமன்றம் பத்தொன்பது பேருக்கு ஆறு முதல் பத்தாண்டு வரை சிறைத் தண்டனை விதித்தது. பின்னரும் பலர் தண்டனை பெற்றனர். போமா மிசான் 2018 ஆகஸ்டில் பெங்களூருக்கு அருகே பிடிபட்டு, 2021இல் இருபத்தொன்பது ஆண்டு பெற்றார். நாலாண்டு அவர் வெளியே இருந்தார் அல்லவா? அந்த இடைவெளியில்தான், 2018 ஜனவரியில், தலாய் லாமா புத்தகயையில் தங்கியிருந்தபோது அங்கே குண்டுகள் வைக்கப்பட்டன. நல்லவேளையாக அவை கண்டெடுக்கப்பட்டன. அதிலும் இவர்மேல் குற்றம் சாட்டப்பட்டது. வீடு வெடித்ததும் சதி முறிந்தது என்று நாம் மகிழ்ந்திருந்தோம். முறிந்தது ஒரு கிளைதான்.

இந்த அனுபவம் நமக்கு மட்டும் உரியதன்று. 2015 ஜனவரி 15ஆம் நாள் பெல்ஜியப் போலீசார் வெர்வியே என்ற ஊரில் ஒரு வீட்டை முற்றுகையிட்டனர். இருவர் சுட்டுக் கொல்லப்பட்டனர். பெரிய நாசம் தவிர்க்கப்பட்டது என்று ஐரோப்பாவே பெருமூச்சு விட்டது. ஆனால் அவர்களை ஏதென்ஸிலிருந்து இயக்கிய அப்துல் ஹமீத் அபாவூத் தப்பிவிட்டார். பத்து மாதங்கள் கழித்து, நவம்பர் 13 இரவு, பாரிஸில் 130 பேர் மாண்டனர். நடத்தியவர்களுக்குத் தலைவர் அதே அபாவூத்.

அதற்குப் பின் நடந்தது நம் பத்திரிகைகளில் அதிகம் வரவில்லை. அபாவூத் பாரிஸின் புறநகரில் ஒளிந்துகொண்டு, லா தெஃபான்ஸ் என்னும் வணிகப் பகுதியில் அடுத்த தாக்குதலுக்குத் திட்டமிட்டார். அவர் ஒளிந்திருப்பதைக் கண்டு போலீசுக்குச் சொன்னவர் ஒரு பெண். அவரும் முஸ்லிம். அபாவூதின் உறவினளான பெண் ஒருத்தியை அவர் தம் வீட்டில் ஆதரித்து வந்திருந்தார், அவள் வழியாக அபாவூதை நேரில் காண நேர்ந்தது. நவம்பர் 18 விடியற்காலை செந்தெனியில் போலீசார் வீட்டைச் சூழ்ந்தனர், அபாவூத் மாண்டார். அந்தப் பெண்மணி அதன் பிறகு பெயரையும் ஊரையும் மாற்றிக்கொண்டு ஒளிந்து வாழ வேண்டியதாயிற்று. எத்தனை உயிர்களை அவர் காத்தார் என்பதற்குக் கணக்கில்லை. நடவாத கொலைக்கு யார் கணக்கு வைப்பார்?

உடனே, "அப்படியானால் தெரிந்தவர்களே மறைத்ததும் உண்டே" என்று கேட்பீர்கள். உண்டு. பாரிஸ் தாக்குதலில் தப்பிய சலா அப்தெஸ்லாம் நான்கு மாதங்கள் பிரஸ்ஸல்ஸ் நகரில் மறைந்திருந்தார். பிடிபட்ட இடம் தாம் வளர்ந்த மோலன்பேக் பகுதியே. தெரிந்தவர்கள் உதவாமல் அது நடவாது. அவர் பிடிபட்ட நாலாம் நாள், 2016 மார்ச் 22இல், அவருடைய கூட்டாளிகள் விமான நிலையத்திலும் பாதாள ரயிலிலும் 32 பேரைக் கொன்றனர். இதை மறைத்து வாதாடுவதில் எனக்கு விருப்பமில்லை. சொன்னவரும் உண்டு, மறைத்தவரும் உண்டு. சொல்பவர் தொகை பெருக வழி என்ன என்பதே என் கேள்வி.

நிற்க. இலங்கையை எடுத்துக்கொள்வோம். 2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறு. கொழும்பு, நீர்கொழும்பு, மட்டக்களப்பு ஆகிய ஊர்களில் தேவாலயங்களிலும் ஓட்டல்களிலும் 250க்கு மேற்பட்டோர் மாண்டனர். மட்டக்களப்புச் சீயோன் தேவாலயத்தில் மாண்டவர்களுள் தமிழ்க் குழந்தைகள் பலர். தலைவனாக நின்ற சஹ்ரான் தமிழில் பிரசங்கம் செய்தவன். ஆம், நம் மொழியில்! இது சங்கக் கூட்டங்களில் ஏன் பேசப்படவில்லை என்று எனக்கு விளங்கவில்லை. அவனைப் பற்றி முதலில் புகார் செய்தவர்களும் தமிழ் பேசுபவர்களே. காத்தான்குடி முஸ்லிம்கள் ஆண்டுக்கணக்கில் முறையிட்டனர். 2017 மார்ச்சில் சூபி நெறியினருடன் நேர்ந்த மோதலுக்குப் பிறகுதான் அவன் தலைமறைவானான். 2018 டிசம்பரில் மாவனெல்லையில் புத்தர் சிலைகள் உடைக்கப்பட்டபோது புலன் விசாரணைக்கு உதவிய முஸ்லிம் ஒருவர், 2019 மார்ச்சில் தம் வீட்டில் உறங்கிக்கொண்டிருக்கையில் தலையில் சுடப்பட்டார். ஜனவரியில் புத்தளம் பக்கம் வனாத்தவில்லுத் தென்னந்தோப்பில் வெடிமருந்துக் குவியல் அகப்பட்டது. ஏப்ரல் 4ஆம் நாள் இந்திய உளவுத் துறை எச்சரிக்கை அனுப்பியது. இவ்வளவும் இருந்தும் கொழும்பிலிருந்த அதிகாரிகள் அசையவில்லை. முன்னாள் ஜனாதிபதி சிறிசேனா பத்துக் கோடி ரூபாய் நஷ்ட ஈடு தர வேண்டும் என்று இலங்கை உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரியில் தீர்ப்பளித்தது இதனால்தான்.

அக்கம்பக்கத்தார் சொன்னார்கள், கேட்க வேண்டியவர்கள் கேட்கவில்லை. அதன் பின் என்ன நேர்ந்தது? முஸ்லிம்களின் கடைகளும் வீடுகளும்தான் 2019 மே மாதக் கலவரத்தில் எரிந்தன.

கோவைக்கு வருவோம், பெரியவர் எடுத்துக்காட்டியதாயிற்றே. 1998 பிப்ரவரி 14 குண்டு வெடிப்புகளில் 58 பேர் மாண்டதை நம் பெற்றோர் மறக்கவில்லை. மறக்கவும் கூடாது. 2022 அக்டோபர் 23, தீபாவளிக்கு முந்திய நாள் விடியலில், உக்கடம் கோட்டை ஈசுவரன் கோயில் முன்பு சமையல் வாயு உருளைகளுடன் ஒரு கார் வெடித்தது. ஓட்டி வந்தவர் மட்டுமே மாண்டார். அவர் வீட்டில் 75 கிலோ அளவுக்கு வெடிமருந்துச் சரக்கு இருந்ததாகப் போலீசார் அறிவித்தனர். பர்த்வானில் அஷ்டமி, கோவையில் தீபாவளி. இரண்டிலும் காப்பாற்றியது போலீசும் அன்று, நாமும் அன்று. செய்தவனின் கைப்பிழை. 2019இலேயே முகமை அந்தக் கோவை ஆளை ஒரு தடவை விசாரித்து விட்டிருந்தது. அப்படியும் அவர் மூட்டை மூட்டையாகச் சேர்த்தார். யாரும் காணவில்லை. வெடிப்புக்குப் பிறகு கோட்டைமேட்டு ஜமாத்தார் அக்கோயிலுக்கே நேரில் சென்று அர்ச்சகர்களைக் கண்டு பேசினார்கள். இது செய்தித்தாளில் ஒரு மூலையில் வந்தது.

வலை வலை என்கிறோமே, அவ்வலை எதனால் பின்னப்பட்டது? படித்ததில் எனக்குத் தெரிந்தது இது: ஒரு வாடகை வீடு, ஒரு துணிக் கடை, ஒரு திருமணம், ஊர் விட்டு ஊர் போகும் ஓர் ஆள், ஒரு பொய் அடையாளச் சீட்டு, கடையில் வாங்கக்கூடிய இரசாயனம். தனித்தனியே எடுத்தால் இவற்றுள் பெரும்பாலானவை குற்றமே அல்ல. தில்லியில் இருக்கும் அதிகாரிக்கு இவை தெரியமாட்டா. அடுத்த வீட்டுக்காரருக்குத் தெரியும்: பகலெல்லாம் சன்னல் சாத்திக் கிடப்பது, துணிக் கடை என்று சொல்லிவிட்டு இரசாயன வாடை வருவது, வீட்டுப் பெண்கள் ஒருவரோடும் பேசாதிருப்பது. ஆனால் அதற்கு அடுத்த வீடு என்று ஒன்று இருக்க வேண்டும்! நாணயமான தெருக்களிலெல்லாம் "அசுவிதே ஆச்சே" என்று கதவைச் சாத்தினால், எஞ்சுவது முன்பணத்தை எண்ணிக்கொண்டு ஒன்றும் கேளாத வீட்டுக்காரர்தான். சதிகாரன் விரும்புவதும் அவரைத்தான். என் நண்பரும் அவரிடம்தான் போக வேண்டியிருக்கிறது, சதிகாரனும் அவரிடம்தான் போகிறான். இருவரையும் ஒரே தெருவில் கொண்டுபோய் நிறுத்தியது யார்?

பெரியவர் பயந்ததைப் பயனற்ற பயம் என்று நான் சொல்லவில்லை. பௌபஜாரில் 1993 மார்ச்சு 16 நள்ளிரவில் சூதாட்டத் தலைவன் ஒருவன் சேர்த்து வைத்திருந்த வெடிமருந்து வெடித்து 69 பேர் மாண்ட நகரம் இது. 2002 ஜனவரி 22 காலை சௌரங்கியில் அமெரிக்க மையத்தின் வாயிலில் காவல் நின்ற போலீஸ்காரர்கள் சுட்டு வீழ்த்தப்பட்ட நகரமும் இதுவே. பயத்துக்குக் காரணம் உண்டு. ஆனால் பயந்தவர் செய்ய வேண்டிய காரியம் ஒன்று எளிதாக இருக்கிறது. குடியிருக்க வருபவரின் விவரங்களை எழுதி, படத்தை ஒட்டி, தானாவில் கொடுக்க வேண்டும். அதற்கென்றே படிவம் இருக்கிறது. எங்கள் பெரியவர் ஒரு முறைகூட அதை நிரப்பியதில்லையாம், அவரே சொன்னார். நான் தஞ்சை என்றேன், சாவி நீட்டினார். நான் தஞ்சைதான் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

உண்மை பேசத் தயங்குபவரின் பயத்தையும் சொல்ல வேண்டும். 2007இல் ஐதராபாத் மக்கா மசூதிக் குண்டு வெடிப்புக்குப் பிறகு முஸ்லிம் இளைஞர் பலர் பிடிக்கப்பட்டு, வதைக்கப்பட்டதாகப் புகார் கூறி, பின்னர் குற்றமற்றவர் என்று விடுதலையாயினர். தம் பையனின் போக்குச் சரியில்லை என்று ஒரு தாய்க்குத் தோன்றினால், போலீசிடம் போவதற்கு முன் அவள் அதை நினைக்கமாட்டாளா? என் நண்பரின் உம்மா வாரந்தோறும் தொலைபேசியில் அவருக்குச் சொல்லும் புத்திமதி, "தொப்பியைப் பையிலே வச்சுக்கோ மவனே, ரெயிலிலே போட்டுக்கிடாதே" என்பது. நானோ என் அம்மாவோ இப்படி ஒரு பேச்சு பேசிக்கொண்டதில்லை.

ஆகவே, வரும் பொதுக்குழுவில் ஒரு தீர்மானம் கொண்டுவர எண்ணியிருக்கிறேன். சங்கம் தன் உறுப்பினர் அனைவரின் பெயர், துறை, ஊர் முகவரி அடங்கிய ஏடு ஒன்றை வைத்திருக்க வேண்டும். வீடு தேடும் உறுப்பினர் யாராயினும், இவர் எங்கள் பல்கலைக் கழக மாணவர், இவரை நாங்கள் அறிவோம் என்று செயலாளர் கையொப்பமிட்ட கடிதம் கொடுக்க வேண்டும். தானாப் படிவத்தை நிரப்பி உடன் சென்று ஒப்படைக்க இருவர் முன்வர வேண்டும். வயதான வீட்டுக்காரர்கள் தானாப் படி ஏற வேண்டாம், நாம் ஏறுவோம். கடிதம் வாங்கியவர் பின்னால் தவறு செய்தால் சங்கத்தின் பெயர் கெடாதா என்று பொருளாளர் கேட்டுவிட்டார். கெடும்தான். அறியாதவருக்குக் கடிதம் கொடுக்கக் கூடாது. ஒருவரை அறிவதற்குச் சங்கம் பொங்கலுக்கும் ஆண்டு விழாவுக்கும் மட்டும் கூடினால் போதாது. இதற்குமேல் அவருக்கு என்னிடம் விடையில்லை.

நான் இப்போது தாகூரியாவில் வேறொருவருடன் இருக்கிறேன். நண்பர் பார்க் சர்க்கஸ் பக்கம் ஓர் அறை பிடித்திருக்கிறார். நுழைய ஒரு சந்து, சந்துக்குள் ஒரு சந்து. வீட்டுக்காரர் மூன்று மாத முன்பணம் வாங்கிக்கொண்டார், வேறொன்றும் கேட்கவில்லை. போன வாரம் நாங்கள் இருவருமாகப் போய், அவர் கேளாத அந்தப் படிவத்தை நாங்களே தானாவில் கொடுத்துவிட்டு வந்தோம். அங்கிருந்த காவலர் ஒரு கணம் புரியாமல் பார்த்தார், பிறகு முத்திரை குத்திக் கொடுத்தார். தீர்மானத்தை முன்மொழிய நான் இருக்கிறேன். வழிமொழிய ஒருவர் வேண்டும்.